ரயில் கடக்கும் ஆறு, வரைபடத்தில் இல்லாத ஆறு

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, வலது கைப் பக்கம் சன்னலோரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வீட்டுப் பின்புறங்களும் கிடங்குச் சுவர்களும் கன்டெய்னர் லாரிகளும் மாறி மாறி ஓடும். எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளத்தின் சத்தம் மாறும். பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர். சில நாள் தகதகவென்று விரிந்து கிடக்கும்; சில நாள் சேறும் நடுவில் ஒரு வாய்க்காலுமாகச் சுருங்கிக் கிடக்கும். மின்கோபுரங்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, வலைகூட இல்லாமல், கையாலேயே இறால் தடவுகிறவர்களையும் பார்க்கலாம்.

பூண்டிப் பக்கமிருந்து வரும் கொசத்தலை ஆறு கடலைத் தொடுகிற இடம் இது. செய்தித்தாளில் ‘எண்ணூர் கழிமுகம்’ என்று வரும். குப்பத்துக்காரர்களுக்கு வெறும் ‘ஆறு’.

இந்த ஆற்றுக்கு இரண்டு வரைபடம் உண்டு. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் ஆறு இருக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலை என்று, கைவைக்கக் கூடாத முதல் வகையில் சேர்த்திருக்கிறார்கள். 2017-இல் சூழலியல் செயற்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநிலத்தின் கடலோர மேலாண்மை அமைப்பிடமிருந்து கிடைத்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணீர், சேறு, அலையாத்தி, உப்பளம் எல்லாம் சாதாரணத் தரையாகிவிட்டிருந்தன. தினமும் லோக்கல் ரயிலில் அந்தத் தண்ணீரைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஆனால் காகிதத்தில் அவர்கள் கடந்தது வெறும் நிலம்.

ஒரு கோடு விட்டுப்போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். கடலோர விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் அது புரியும்.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011-இலும் 2019-இலும் அதற்குப் பதில் புது அறிவிக்கைகள் வந்தன. அடிப்படை ஏற்பாடு இதுதான்: கடல் நீர் மேலேறி வரும் உச்ச எல்லையை முதலில் ஒரு கோடாகக் குறிக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து கரைப் பக்கம் 500 மீட்டர் வரை விதிகள் பொருந்தும். கடல் நீர் உள்ளே வந்து போகும் ஆறு, கழி என்றால் அவற்றின் இரு கரையிலும் தனிக் கணக்கு உண்டு; 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அது. எல்லாமே அந்த உச்ச நீர்க் கோட்டிலிருந்து அளப்பவை. கோடு போட வேண்டுமென்றால் முதலில் வரைபடத்தில் நீர்நிலை இருக்க வேண்டும். நீர்நிலையே இல்லை என்றால் கோடு இல்லை, 100 மீட்டர் இல்லை, அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மண் கொட்டி மேடாக்கினால் அது ஆக்கிரமிப்பும் ஆகாது. நிலத்தைச் சமன் செய்தார்கள், அவ்வளவுதான்.

ஆற்றை மூட நூறு லாரி மண் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழி ரப்பர் போதும்.

இதை யாரோ ஒருவர் செய்த தில்லுமுல்லு என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் பாதிதான் சொன்னதாகும். நம் ஊர் வரைபடங்கள் எந்தத் தேவைக்காகப் பிறந்தன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலத்தை அளக்கும் வேலைக்கும் சென்னைக்கும் பழைய உறவு. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் 8 மாணவர்கள். அதுதான் வளர்ந்து வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி போட்டு அளந்தார். இமயம் வரைக்கும் போன பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் அடிக்கோடு. இன்று அந்த வழியில் போனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று ஒரே கட்டடமும் நெரிசலும். தேசத்தின் வரைபடமே தொடங்கிய அந்தத் தட்டை நிலத்துச் சதுப்பு, பின்னாளில் ஆவணங்களில் குப்பை கொட்டத் தோதான காலி இடம் ஆனது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேருக்குப் பரந்திருந்த பள்ளிக்கரணையில் மிச்சம் இருந்ததில் 317 ஹெக்டேரை 2007-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் உலகின் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடி குப்பைமேடு அந்தச் சதுப்பின் மேல்தான் எழுந்தது.

லாம்டனின் அளவை நாட்டைப் பிடிக்கவும் ஆளவும். கிராமத்துக்குக் கிராமம் நடந்த வருவாய்த் துறை அளவை வரி வசூலிக்க. நஞ்சைக்கு இவ்வளவு, புஞ்சைக்கு இவ்வளவு என்று தீர்வை போட வேண்டும். அதற்கு யாருடைய நிலம் எந்த வரப்பில் முடிகிறது என்று தெரிய வேண்டும். வரி வராத நிலமெல்லாம் கணக்குக்குப் புறம்பே போனது. அதுதான் புறம்போக்கு. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, கழிமுகத்துச் சேறு எல்லாம் அதில் அடக்கம். ஊரே சேர்ந்து புழங்குகிற இடங்கள் என்பதால்தான் அவற்றுக்குத் தனி ஆள் பெயரில் பட்டா கிடையாது. நாளடைவில் பட்டா இல்லாதது என்றால் சொந்தக்காரன் இல்லாதது, சொந்தக்காரன் இல்லாதது என்றால் உபயோகம் இல்லாதது என்று அர்த்தம் நழுவியது. இன்று அந்தச் சொல்லைத் தெருச்சண்டையில் எப்படி எறிகிறோம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நிலக்கணக்குச் சொல் வசவாக மாறிய வேறு மொழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே வருவாய் வரைபடம் சில சமயம் காப்பாற்றவும் செய்யும். என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் செங்குன்றம் தாண்டி ஒரு மனை பார்க்கப் போனேன். வீட்டுக் கேட்டில் செருகியிருந்த நோட்டீஸில் வண்ணப் படம் போட்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் நட்சத்திரமாக அவர்கள் மனைப்பிரிவு. அதைச் சுற்றி விரல் நீளத்தில் பஸ் ஸ்டாண்ட், விரல் நீளத்தில் பொறியியல் கல்லூரி, விரல் நீளத்தில் வெளிவட்டச் சாலை, அரை விரல் நீளத்தில் வரப்போகும் மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘பத்து நிமிடம்’ என்று போட்டிருந்த இடத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது. கேட்டதற்கு வேனில் வந்த பையன் நோட்டீஸின் ஓரத்தைக் காட்டினான். ‘அளவின்படி வரையப்பட்டதல்ல’ என்று எறும்பு எழுத்தில் இருந்தது. சரி, சாப்பாடு நன்றாகப் போட்டார்கள், போகட்டும். ஊருக்குத் திரும்பியதும் நண்பர் ஒருவர் சொன்னார் என்று அந்த சர்வே நம்பருக்கு எஃப்.எம்.பி., அதாவது வருவாய்த் துறையின் நில அளவைப் படம், எடுத்துப் பார்த்தேன். மனைப்பிரிவின் முப்பதடிச் சாலையில் ஒன்று அப்படியே ஓடைப் புறம்போக்கின் மேல் படுத்திருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சர்வேயர் வெயிலில் நின்று போட்ட இரண்டு இணைகோடுகள் என் அட்வான்ஸ் பணத்தைக் காப்பாற்றின.

நீர்நிலை வழக்குகளில் இன்றும் ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று காட்டப் பழைய கிராம வரைபடத்தையும், சர்வே நம்பர் வாரியாக நில விவரம் எழுதிய ஏ-பதிவேட்டையும்தான் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். வரி போடுவதற்காக வரைந்தது, ஏரிக்குச் சாட்சி சொல்கிறது. வரைபடமே இல்லாத இடங்களில் தெருப்பெயர் சாட்சி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. எந்த மாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் ரோடு. 1920-களில் தியாகராய நகருக்கு இடம் வேண்டுமென்று மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வடித்தார்கள். தண்ணீர் போய்விட்டது. பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வருவதும் உண்டு.

எண்ணூருக்கு வருவோம். எத்தனை நேர்மையானவர் வரைந்தாலும் கழிமுகத்தை வரைபடத்தில் அடக்குவது கஷ்டமான வேலைதான். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமிக்கு இன்னும் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வேறு. காகிதத்தில் இந்த அசைவுக்கெல்லாம் இடமில்லை. நீலம் இங்கே முடிகிறது என்று ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். செயற்கைக்கோள் படமும் அப்படித்தான். வற்றின நேரத்தில் எடுத்த படத்தில் பாதி ஆறு பழுப்புத் தரையாகத் தெரியும். ஏறின நேரத்துப் படத்தில் அதே இடம் தண்ணீர். இரண்டும் பொய்யில்லை. எந்தப் படத்தைக் கோப்பில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கிறவர் கையில் ஆற்றின் அகலம் இருக்கிறது.

அப்புறம் அளவுகோல் சங்கதி. கடலோர மேலாண்மை வரைபடங்கள் 1:25,000 என்ற அளவில் வருகின்றன. அதாவது காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். குப்பத்துப் பெண்கள் கருவாடு காயப்போடும் மணல்திட்டு முப்பது மீட்டர் நீளம் என்று வையுங்கள். அந்தப் படத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பேனா முனைக்கு அடியில் போய்விடும். 1:4,000 அளவில் வரைந்தால் அதே திட்டு முக்கால் சென்டிமீட்டருக்கு வரும். பெயர் எழுதக்கூட இடம் கிடைக்கும். அனல்மின் நிலையமோ துறைமுகமோ எந்த அளவில் வரைந்தாலும் தெரியும். சின்ன அளவில் வரைந்த படம் யாரையும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. ஆனால் யார் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்களோ அவர்களை மட்டும்தான் அது காட்டும்.

கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிக் காட்டும் உலக வரைபடத்தைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. என்னைக் கேட்டால் கிரீன்லாந்தை விட இந்தக் கருவாட்டுத் திட்டுதான் முக்கியம். கிரீன்லாந்து பெரிதாகத் தெரிவதால் அங்கே யாருடைய வலையும் அறுபடவில்லை.

இங்கேயே கொஞ்சம் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. அங்கே மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியை மீன்பிடிக்கும் இடங்களாகப் பிரித்து, எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல பாடு ஒரே ஆளுக்குப் போய்விடாமல் சுழலும். தண்ணீருக்கு மேல் வேலி இல்லை, கல் இல்லை. ஆனாலும் எல்லை எல்லோருக்கும் தெரியும். இது ஒரு வரைபடம்தான். இடத்தோடு நேரமும் முறையும் சேர்ந்த வரைபடம். ஊர்க்கூட்டத்தின் நினைவில் இருக்கிறது. அரசாங்கப் படத்தில் இதே ஏரி ஒரே நீலமாக, யாரும் புழங்காத தண்ணீர் மாதிரி இருக்கும்.

வரைபடம் ஓர் இடத்தைக் காலி ஆக்குகிறது என்றால், அந்தக் காலியை நிரப்புவது ஊடகம். எண்ணூர் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது எப்போது? 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எண்ணூரிலிருந்து தெற்கே மெரினாவையும் தாண்டிக் கரை கறுத்தது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்த வருடம் அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்துக்கு வந்து சேற்றில் நடந்தார். காணாமல்போன ஆற்று வரைபடத்தின் கதை அப்போதுதான் டிவி விவாதத்துக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கியது. வீடு, படகு, வலை, நாய், கூழைக்கடா எதுவும் தப்பவில்லை. அந்த மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். மறுபடியும் கேமராக்கள், மறுபடியும் மைக்குகள்.

இந்தச் செய்திகள் எல்லாம் தேவையான செய்திகள்தான். நிருபர்கள் பலர் மூச்சை அடைத்துக்கொண்டு நின்று அனுப்பியவை. சிக்கல் என்னவென்றால், ஒரு கப்பல் மோதுவதற்கு நாள், நேரம், படம் உண்டு. சாம்பல் படிவதற்கு அவை கிடையாது. அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பைக் கொண்டு போகும் குழாய்கள் கழிமுகத்தின் மேலேயே போகின்றன. அவை கசிந்து கசிந்து, வருடக்கணக்கில், ஆற்றின் தரை மேடேறியது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் நனையத் தண்ணீர் என்பது கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. குளிர்விக்கப் பயன்படுத்திய சுடுதண்ணீர் ஆற்றில் கலந்தால் இறால் விலகிப் போகும். இதற்கெல்லாம் ‘பிரேக்கிங் நியூஸ்’ போட முடியாது. இன்றைக்கு ஆறு ஒரு நூலளவு மேடேறியது என்று எந்த சேனல் சொல்லும்? 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தச் சாம்பல் மாசு பற்றி விரிவான தீர்ப்பு தந்தது. எண்ணெய் வாளிப் படத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இப்படி விபத்தாகவே ஓர் ஊரைப் பார்த்துப் பார்த்து, அந்த ஊரே விபத்து நடக்கிற ஊர் ஆகிவிடுகிறது. அதற்கடுத்த படி, ‘ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே, இன்னொன்று வந்தால் என்ன’ என்பது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சென்னைக்கு ஒரு புகை கக்கும் தொழிற்சாலையோ நிலக்கரிக் கிடங்கோ குப்பை எரிக்கும் ஆலையோ வேண்டுமென்றால், முதலில் விரல் போகும் இடம் வரைபடத்தின் மேல்மூலைதான்.

சினிமாவின் பங்கு தனிக்கதை. வடசென்னை என்றாலே லுங்கி, கானா, கேரம் போர்டு, கத்தி என்று ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். கேமரா குறுகலான சந்தில் ஓடிவரும். பின்னணியில் துறைமுகக் கிரேன். அடுத்த காட்சியில் ஒருவர் விழுவார். நல்ல எண்ணத்தோடு எடுத்த படங்களும் இந்தப் பெட்டியைக் கொஞ்சம் அலங்காரம் செய்து வைத்ததோடு சரி. பாராட்டும்போதும் இரவல் பெயர்தான்: கால்பந்து நன்றாக ஆடுவதால் வியாசர்பாடிக்கு ‘மினி பிரேசில்’. கேரம் உலகப் பட்டங்களை அள்ளி வரும் பெண்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமாவும் இங்கிருந்து போனவர்தான். அப்போது ஒரு வாரத்துக்கு ‘குடிசைப் பகுதியில் பூத்த மலர்’ என்று எழுதினார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது, 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று பெரம்பூர் மில் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு பிறந்தது என்பதெல்லாம் பொது அறிவுக் கேள்வியாக இருக்கிறது. ஊரின் முகமாக இல்லை.

ஆற்றுக்கும் இதே கதிதான். சென்னையின் ஆறுகள் எவை என்று கேட்டால் கூவம், அடையாறு என்று பதில் வரும். மூன்றிலும் பெரியது கொசத்தலை. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் அதன் குறுக்கேதான் நிற்கிறது. நகரம் குடித்த தண்ணீரில் பெரும் பங்கு அதனுடையது. கூவத்துக்காவது ஜோக்குகள் உண்டு. கொசத்தலைக்கு அதுவும் இல்லை. பெயரிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

பெயர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்பின்படி ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டுமென்று ஓர் அரசாணையை வெளியிட்டது. தூத்துக்குடி, வேலூர், கோயம்புத்தூர் எல்லாம் புது எழுத்துக்கூட்டலில் வந்தன. எத்தனை ‘ஓ’, எத்தனை ‘டி’ என்று சமூக ஊடகத்தில் இரண்டு மூன்று நாள் சிரிப்பு. ஒரே வாரத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எழுத்துக்கூட்டலில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் ஊர்ப் பெயரை ஊர்க்காரன் சொல்வதுபோல் எழுத வேண்டும் என்ற நியாயமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து போய்விட்டது. இன்று போனில் வழி சொல்லும் பெண் குரல் நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்புவதைக் கேட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறோம். பழைய மகாபலிபுரம் சாலைக்கு 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாயில் ‘ஓ.எம்.ஆர்.’தான். படூர், நாவலூர், சிறுசேரி என்ற ஊர்களெல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் கரைந்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. ‘சென்னையில் மழை’ என்று ரொம்ப காலம் செய்தியில் வந்ததெல்லாம் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கும் இரண்டு மழைமானிகளின் கணக்குதான். மாநகரத்தின் வடகோடியில் கொட்டிய மழை அந்தக் கணக்கில் வராது. 2011-இல் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி எல்லாம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகரம் 426 சதுர கிலோமீட்டர் ஆனது. மண்டலங்களுக்கு எண் போட்டதும் வடக்கிலிருந்துதான். திருவொற்றியூர் 1, மணலி 2. சட்டப்படி சென்னை அங்கேதான் தொடங்குகிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. மெட்ரோ பெட்டிக் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் நீலக்கோட்டுப் படத்தைப் பார்த்தால், விம்கோ நகர் பணிமனையோடு கோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வெள்ளைப் பிளாஸ்டிக். எண்ணூர் அந்த வெள்ளையில் இருக்கிறது.

இதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. காணாமல்போன ஆற்றைக் கண்டுபிடித்ததே இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான். ஒவ்வொரு வருடத்துச் செயற்கைக்கோள் படத்தையும் வரிசையாகப் போட்டால் சாம்பல் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று குழந்தைக்குக்கூடப் புரியும். 2023 ஆகஸ்டில், 2019 அறிவிக்கைப்படி தயாரித்த வரைவு வரைபடங்களுக்காகக் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவர்கள் எதிர்த்தார்கள். எங்கள் ஊர் எங்கே, படகு நிறுத்தும் இடம் எங்கே, வலை காயும் இடம் எங்கே, மீன் முட்டை போடும் இடம் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. வரைபடமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்களையும் வரை என்றுதான் கேட்டார்கள்.

போன மாதம் மீஞ்சூருக்கு ஒரு கல்யாணம் என்று அதே லோக்கலில் போனேன். எண்ணூரில் ஓர் ஆயா ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் அலுமினிய அன்னக்கூடை, மேலே ஈரச் சாக்கு. பாலம் வந்தது. நான் போனில் வரைபடத்தைத் திறந்து, நாங்கள் இருந்த நீலப்புள்ளி நீலத் தண்ணீருக்கு மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பாதி சேறாக இருந்தது. “படத்துல ஃபுல்லா தண்ணி காட்டுது, ஆயா” என்றேன், பேச்சுக்கு.

அவர் போனைப் பார்க்கவில்லை. சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, தூரத்தில் ஏதோ ஒரு கம்பத்தைப் பார்த்தார். “இப்பத்தான் தம்பி ஏற ஆரம்பிச்சிருக்குது. நீ கல்யாணச் சாப்பாடு சாப்ட்டுட்டு திரும்பி வா, உன் போன்ல இருக்குற மாதிரி இருக்கும்” என்றார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். இருந்தது.